மெயினம்மாவும் பாதி ரேட்டுச் சத்தியமும்

மின்சாரத்தைக் கண்டு பயப்படாத மனிதர்கள் அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் கிடையாது. ஆனால் மின்சாரமே கண்டு பயந்த மனுஷி ஒருத்தி இருந்தாள். அவள் எங்கள் வளவுக்காரி மெயினம்மா. அவள் முறைத்தால் பல்பு மங்கும். அதட்டினால் மீட்டர் நிற்கும். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததாக எழுதினால் எனக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்த டீச்சர் வருத்தப்படுவார். என்ன செய்வது, பார்த்தேனே!

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாது. நேரில் எல்லாருக்கும் அத்தை, அக்கா, ஆத்தா. முதுகு திரும்பினால் மெயினம்மா. தபால்காரரே "மெயினம்மா வளவு எது?" என்று கேட்டுத்தான் முதல் தடவை வந்தார்.

பேகம்பூருக்குப் போகிற ரோட்டில் எதிரும் புதிருமாக ஆறு வாடகை வீடுகள், நடுவில் ஒரு கிணறு, வாசலை ஒட்டி அவள் குடியிருந்த வீடு. இதுதான் வளவு. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். வளவு அவளுக்குச் சொந்தம், நாங்கள் மாசம் ஒரு விளக்குக் காசு கொடுத்துவிடுவோம், பில்லை அவள் கட்டுவாள். வீட்டுக்கு ஒரே பல்பு. அத்தனை பல்பையும் ஆளுகிற மெயின் சுவிட்சு அவள் வீட்டு நடையில், ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி அவள் இடுப்பில். விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைத் திறந்து, சுவிட்சை மேலே தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எட்டு மணிச் சங்கு ஊதியதும் கீழே இழுத்துவிடுவாள். நம் சோறு அந்த நேரம் வாயில் இருக்கிறதா தட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை.

இடைப்பட்ட நேரம் முழுவதும் மீட்டருக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். மீட்டருக்குள் ஒரு தகடு சுற்றும். அதில் சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு சுற்றி வந்து முன்னால் தெரியும்போதெல்லாம் "போச்சு" என்பாள். மறுபடி சுற்றி வந்தால் மறுபடியும் "போச்சு". நாங்கள் அரிசி களைந்தது, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தது, புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டது எல்லாம் இந்தப் போச்சுகளுக்கு நடுவில்தான்.

எங்கள் எதிர்வீட்டில் தையற்காரர் காதர் பாய் குடியிருந்தார். ரம்ஜான் நெருங்கிவிட்டால் அவர் வீட்டில் துணி மலையாகக் குவியும். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் பெரிய பல்பு ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிட்டார். அன்று போச்சு கொஞ்சம் வேகமாக வந்தது. அடுத்தது அதைவிட வேகமாக வந்தது. மெயினம்மா எழுந்து வெளியே வந்தாள்.

"யாரு வீட்ல கல்யாணம்? எதுக்கு இம்புட்டு வெளிச்சம்?"

"ஒண்ணுமில்லக்கா. அதே பல்புதான். இன்னிக்குத் தொடச்சு மாட்டுனேன்," என்றார் பாய்.

"தொடச்சதுக்கே இந்த ஓட்டம் ஓடுதா? இனிமே தொடைக்காதீக."

பாய் பழைய பல்பை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வருஷம் பேகம்பூரில் இரண்டு பேருடைய சட்டையில் பொத்தானும் காஜாவும் ஒரே பக்கத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போகிறேன். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றினாள். வளவுக்கு வருகிற கடிதம், கரண்டு பில், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொல்லுகிற உத்தியோகம் என்னுடையது. மெயினம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ படிப்பு, செத்த நேரம் வந்துட்டுப் போ" என்பாள். நானும் என் பெயரே அதுதான் என்பது போலப் போய் நிற்பேன்.

அந்த வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "பாஸானா மேல படிக்கிறதப் பத்திப் பேசுவோம். பெயிலானா ரெட்டியார்சத்திரத்துல மாமன் மகன் இருக்கான்." மாமன் மகனைக் குறை சொல்ல முடியாது. தக்காளி போட்டிருந்தார், நல்ல விளைச்சல். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கூடை கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி போவார். அந்தக் கூடையிலிருந்து ஒரு பழத்தைக்கூட நான் தின்றதில்லை.

எல்லாப் பாடமும் வந்தது, கணக்கு மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தண்ணீர் இறைத்து, அம்மாவுக்குச் சுருட்டு இலை நீவிக் கொடுத்து, ஜியாமெட்ரியைத் திறக்கும்போது எட்டு மணிச் சங்கு ஊதிவிடும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தால் என்ன என்று கேட்பீர்கள். வீடு நிறையக் காய்ந்த புகையிலை. ஒரு தடவை திரியிலிருந்து பொறி தெறித்துச் சருகு பற்றிக்கொண்டதிலிருந்து, அம்மா வீட்டுக்குள் நெருப்பையே விடுவதில்லை. அடுப்பே கொல்லையில்தான். ஆக, நான் பாஸாவதும் தக்காளித் தோட்டத்துக்குப் போவதும் மெயினம்மாவின் இடுப்புச் சாவியில் இருந்தது.

இந்த நேரத்தில்தான் வார்டு தேர்தல் வந்தது.

எல்லா வேட்பாளர்களும் ஒரே வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக் கரண்டு ரேட்டு குறையும்! ஒருவர் கால்வாசி குறையும் என்றார். அடுத்தவர் மூன்றில் ஒரு பங்கு என்றார். சோடாக்கடைக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து "பாதி!" என்று முடித்தார். தேர்தல் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால், விளக்கு எரிப்பதற்கு அவர்களே எங்களுக்குக் கூலி கொடுத்திருப்பார்கள். இப்போதும் தேர்தல்கள் வருகின்றன, இப்போதும் ரேட்டு குறைகிறது. பில்லுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேச்சில் சந்தேகம் வந்தால், தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சொன்னது நிஜம் என்றால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அணைத்த பிறகு பேச்சு மாறினால் கண் அவிந்துபோகும் என்று நம்பிக்கை. கோழித் திருட்டுக்கும் வரப்புத் தகராறுக்கும்தான் இந்தச் சூடம் எரியும். கரண்டு ரேட்டுக்காக இதை எரித்த ஒரே ஆள் மெயினம்மாதான்.

சோடாக்கடைக்காரர் மேளதாளத்தோடு ஓட்டுக் கேட்க வந்தபோது, அவள் வளவு வாசலை அடைத்து நின்றாள். கையில் பித்தளைத் தட்டு.

"ஆத்தா, உங்க வளவு ஓட்டு அம்புட்டும் எனக்குத்தான்," என்று கும்பிட்டார் அவர்.

"ஓட்டு கெடக்கட்டும். ரேட்டு பாதியாகும்னு மைக்குல சொன்னீகளே, நெசமா?"

"நெசந்தான் ஆத்தா. செயிச்ச மறுநாளே!"

"அப்ப இதுல அடிங்க."

சூடம் எரிந்தது. மேளம் நின்றது. சோடாக்கடைக்காரர் நெருப்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற தொண்டரைப் பார்த்தார். தொண்டர் புரிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணனுக்குக் கையில கட்டி ஆத்தா. அவருக்குப் பதிலா நான் அடிக்கிறேன்."

"சோறு திங்கிறது அவரு, கை கழுவுறது நீயா? தள்ளி நில்லுலே!"

வேறு வழியில்லை. சோடாக்கடைக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். "கொறைப்பேன்! பாதியாக் கொறைப்பேன்! அய்யய்யோ!" கடைசி வார்த்தை சத்தியத்தில் சேர்த்தியா இல்லையா என்று வளவில் ரொம்ப நாள் பேசிக்கொண்டோம்.

கூட்டம் போனதும் காதர் பாய் மெதுவாகக் கேட்டார். "அக்கா, கரண்டு ரேட்டு மெட்ராஸ்ல முடிவு பண்றது. வார்டு மெம்பருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாதவரு நெருப்புல கைய வப்பாராக்கும்? உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் பாய்."

சோடாக்கடைக்காரர் ஜெயித்தார். மறுநாள் காலையில் கிணற்றடியில் எல்லாரும் தண்ணீர் எடுக்கிற நேரமாகப் பார்த்து மெயினம்மா அறிவித்தாள்.

"இன்னிலருந்து கரண்டு பாதி ரேட்டு. அதனால நீங்க குடுக்குற வெளக்குக் காசும் பாதி. வீட்டுக்கு ரெண்டு பல்பு போட்டுக்கங்க. மெயின பத்து மணிக்குத்தான் எறக்குவேன். இது என் வாக்கு."

"பாதிக் காசுக்கு ரெண்டு பல்பாக்கா?" என்று அப்பா தயங்கினார்.

"வெல பாதின்னா ரெட்டிப்பா எரிச்சாத்தான கணக்கு சரியா வரும்?"

கணக்கில் மோசமான எனக்கே அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் எனக்கு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பத்து மணி வரை, அதுவும் இரண்டு பல்பு! ஜியாமெட்ரியில் வட்டங்கள் முதல் தடவையாக எனக்கு வட்டமாகத் தெரிந்தன. மெயினம்மா மீட்டர் பக்கமே போகவில்லை. "ஓடட்டும் களுத" என்று கிணற்றடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள்.

பில் வந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"பாதியா?"

"இல்ல அத்தே. முன்ன இருந்ததுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கு."

"நல்லாப் பாரு. தலகீழாப் புடிச்சிருக்கியா?"

நான் நேராகத்தான் பிடித்திருந்தேன். அவள் பில்லை வாங்கித் தானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். "உத்தரவு மெட்ராஸ்லருந்து வரணும்ல. நம்ம ஊருக்கு ரயிலே ராத்திரி பூராம் ஓடித்தான் வருது," என்றாள்.

அடுத்த மாசமும் உத்தரவு வரவில்லை. அதற்கடுத்த மாசம் வயர்மேன் சைக்கிளில் வந்து, பாக்கி நின்றால் பியூஸைப் பிடுங்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாயும் அப்பாவும் பழைய காசையே தருகிறோம் என்று போய் நின்றார்கள். மெயினம்மா அவர்களை ஏறிட்டே பார்க்கவில்லை. "பாதின்னு சொல்லிட்டேன். போயி வேலயப் பாருங்க."

அவள் செய்த காரியம் வேறு. வெங்காய மண்டிக்காரர் ஒருவரிடம் பேசி, தன் வீட்டை மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டுவிட்டாள். தரையிலிருந்து கூரை வரை சின்ன வெங்காயம். நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் மட்டும் விட்டு, அதில் அவள் படுத்துக்கொண்டாள். தன் வீட்டுப் பல்பைக் கழற்றிவிட்டாள். "வெங்காயம் என்ன, புஸ்தகமா படிக்கப் போகுது?" எங்கள் வளவில் குழம்பு, கறி என்று வெஞ்சனம் எதுவும் வைக்காத வீட்டிலும் வெஞ்சன வாசனை அடித்தது. அவள் கண்ணில் எந்நேரமும் தண்ணீர்.

பரீட்சை நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே வயர்மேன் என்று நினைத்துத் தேற்றம் மறந்துபோகும். பால்காரர் மணியடித்து ஒரு தேற்றம் போனது, ஐஸ்காரர் மணியடித்து இன்னொன்று போனது. மாமன் மகன் வேறு ஒரு கூடைக்கு இரண்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மாசி வெயிலோடு ஊரில் கண்வலி பரவியது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் வரவில்லை. ஒரு நாள் காதர் பாய் செய்தி கொண்டுவந்தார். மெம்பருக்கும் கண்வலியாம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்கே வருவதில்லையாம். மெயினம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, சூடம் வேலயக் காட்டிருச்சே! நானே ஒரு மனுசன் கண்ண அவிச்சுப்புட்டேனே!"

"அக்கா, கண்வலி ஊருக்கே வந்திருக்கு. என் கண்ணப் பாருங்க, செவந்து கெடக்கு. நான் என்ன சத்தியம் பண்ணேன்?" என்றார் பாய்.

"நீங்க யாருக்கு என்ன சொல்லி வச்சிருக்கீகளோ, எனக்கென்ன தெரியும்?"

சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுக்காத துணிகளை நினைத்துக்கொண்டோ என்னவோ, பாய் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். நான் விடவில்லை. "அத்தே, இது தொத்து வியாதி. கிருமியால வர்றது," என்றேன்.

"அவரு சத்தியத்த மீறுனது கிருமிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

நான் சயின்ஸ் புத்தகத்தை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினேன்.

அவள் முந்தானையில் கொஞ்சம் விபூதியை முடிந்துகொண்டு, மெம்பரைச் சத்தியத்திலிருந்து விடுவிக்கக் கிளம்பிவிட்டாள். "ஏ படிப்பு, நீயும் வா. படிச்சவ ஒருத்தி கூட நின்னா நல்லது." எனக்குள் ஒரு யோசனை ஓடியது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன். "அத்தே, பயந்துபோயி இருப்பாரு. விடுவிக்கிறதுக்கு முன்னாடி நம்ம பாக்கியக் கட்டச் சொல்லுங்க. இப்பக் கேட்டாத் தருவாரு." அவள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள்.

மெம்பர் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார். மெயினம்மா குரலைக் கேட்டதும் மெம்பர் துணியை எறிந்துவிட்டு எழுந்தார்.

"ஆத்தா, வந்துட்டியா! என் கண்ணத் திருப்பிக் குடுத்துரு ஆத்தா! உனக்கு ஆயுசுக்கும் சோடா ஓசி!"

"சோடா கெடக்கட்டும். ரேட்டு ஏன் கொறையல?"

"அது என் கையில இல்ல ஆத்தா. எனக்குத் தெருவெளக்கு மாட்டச் சொல்லத்தான் அதிகாரம். அதுவும் சொன்னா மாட்ட மாட்டாக."

"பெறகு ஏன் நெருப்புல கைய வச்சீக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கூட்டம் பாத்துக்கிட்டு இருந்துச்சே ஆத்தா."

இதுதான் சமயம் என்று நான் மெயினம்மாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவள் முந்தானையை அவிழ்த்து, விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். "தாயே, புள்ளகுட்டிக்காரன். வாய் தவறிச் சொல்லிட்டான். நான் குடுத்த சூடத்த நானே திருப்பி வாங்கிக்கிறேன். இவன விட்டுரு," என்றாள். அவ்வளவுதான். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது மட்டும் மெம்பரிடம், "இந்தப் புள்ளைக்கு ஒரு கலர் குடுங்க, மூஞ்சியே சரியில்ல," என்றாள். நான் அந்தக் கலர் சோடாவை ஆத்திரத்தோடு குடித்தேன்.

திரும்பி வரும்போது வெடித்துவிட்டேன். "ஏன் அத்தே கேக்கல? ரெண்டு வாரத்துல எனக்குப் பரீட்ச. பியூஸப் புடுங்கிட்டா என் கதி என்ன?"

"பயந்து கெடக்குறவன்ட்டக் கேட்டு வாங்குறதுக்கு வேற பேரு."

"அப்ப அவரு சத்தியமும் போச்சு. இனிமே எட்டு மணிக்கே மெயின எறக்கிருவீக, அப்படித்தான?"

அவள் நடுரோட்டில் நின்றாள். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் சத்தம் போட்டான். அவள் நகரவில்லை.

"அவரு ஓட்டுக்குச் சொன்னாரு. நான் உங்ககிட்ட ஓட்டா கேட்டேன்?"

நான் அவள் கையைப் பிடித்து வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக இழுத்தேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை வளவில் சொன்னேன். அப்பா போய், "நீங்க மெம்பர விட்ட மாதிரி நாங்களும் உங்கள விட்டுர்றோம்க்கா" என்றார். "என்னைய அந்தாளோட சேக்கிறீகளா?" என்று அவள் போட்ட சத்தத்தில் வெங்காய மூட்டை ஒன்று சரிந்தது. அப்பா ஓடி வந்துவிட்டார்.

ஆனால் மறுநாளிலிருந்து வளவில் ஒரு விசித்திரம். காதர் பாய் பல்பைக் கழற்றிவிட்டார். கண் கூசுகிறதாம். அடுத்த வீட்டில் கழற்றிவிட்டார்கள். பூச்சி வருகிறதாம். அதற்கடுத்த வீட்டில் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறதாம். சொல்லிவைத்த மாதிரி எல்லா வீடும் பொழுது சாய்ந்ததும் இருட்டில் முழுகியது. எங்கள் வீட்டில் மட்டும் பத்து மணி வரை விளக்கு.

மெயினம்மாவுக்கு ஒரே சந்தேகம். வீடு வீடாகப் போய் நின்று கேட்டாள். "எல்லாரும் ஏன் குருட்டுக் கோழியாட்டம் கெடக்கீக? கரண்டுதான் பாதி ரேட்டு ஆச்சே!"

"இருட்டுதான் குளுகுளுன்னு இருக்குக்கா," என்றது பாயின் குரல்.

வெங்காய வாடகையும் இந்தக் குளுகுளுவும் சேர்ந்து பாக்கி அடைந்தது. வயர்மேன் வரவில்லை. பரீட்சை எழுதினேன். கணக்கு விடைத்தாளில் வரைந்த வட்டங்கள் வட்டமாகவே வந்தன. பரீட்சை முடிந்ததும் எல்லார் கண்ணும் கூசுவது நின்று, பல்புகள் திரும்ப மாட்டப்பட்டன.

வைகாசி மாசம் பேப்பரில் நம்பர் வந்தது. அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் வாங்கினோம். என் நம்பரை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சுலயே போட்டுட்டாகளா?" என்றார். அங்கிருந்து ஓட்டமாக வந்தேன். உச்சி வெயில். மெயினம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, வெங்காயச் சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, பாஸு!"

"கணக்குலயுமா?"

"கணக்குலயுந்தான்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அத்தே, பகல் பன்னெண்டு மணி," என்றேன்.

"இருக்கட்டும்," என்று சொல்லிச் சுவிட்சை மேலே தள்ளினாள்.

வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். அந்த வெயிலில் எங்கள் வளவில் ஆறு வீட்டிலும் விளக்கு எரிந்தது. பொழுது சாய்கிற வரை அவளும் அணைக்கவில்லை, யாரும் அணைக்கச் சொல்லவும் இல்லை.